நன்னீர் மிதக்கும் தீவுகள்

நுழையும்முன்

நிலப்பரப்பு சிறியது, அதைச் சூழ்ந்த கடலோ மிகப் பெரியது. அங்கே மலை இல்லை, ஆறு இல்லை, ஏரியும் இல்லை. எனினும் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்து வருகின்றனர். அவ்வாழ்வைத் தாங்குபவை இரண்டு. ஒன்று, மணலுக்கடியில் மிதக்கும் மெல்லிய நன்னீர். மற்றொன்று, கரையைச் சூழ்ந்து வளரும் பவளப்பாறை. இவ்விரண்டின் வழியே இலட்சத்தீவுகளின் நிலம், மக்கள், தொழில், சுற்றுலா ஆகியவற்றை விளக்குகிறது இப்பாடம்.

பவளம் கட்டிய நிலம்

அரபிக்கடலில், கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் இலட்சத்தீவுகள் அமைந்துள்ளன. 'நூறாயிரம் தீவுகள்' என்று பெயர் பொருள் தந்தாலும், மரபாகக் கணக்கிடப்படுபவை 36 தீவுகளே. அவற்றுள் கவரத்தி, அகத்தி, அமினி, கட்மத், கில்தான், செத்லத், பித்ரா, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய் ஆகிய 10 தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இந்தியாவின் மிகச்சிறிய யூனியன் பிரதேசம் இதுவே. ஆனால், பாறைகளால் சூழப்பட்ட காயல்களின் பரப்போ ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர்.

இத்தீவுகள் வட்டப் பவளத்திட்டுகளின்மேல் உருவானவை. வட்டப் பவளத்திட்டு தோன்றும் முறையைச் சார்லஸ் டார்வின் 1842ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். கடலிலிருந்து எழுந்த எரிமலைத் தீவின் விளிம்பில் பவள உயிரிகள் குடியேறுகின்றன. அவை கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக்கொண்டு தமக்குக் கூடு கட்டுகின்றன. எரிமலை மெல்ல மெல்லக் கடலுள் அமிழ, பவளம் ஒளியை நாடி மேல்நோக்கி வளர்கிறது. இறுதியில் மலை மறைந்துவிட, அதன் விளிம்பில் வளர்ந்த பவள வளையம் மட்டும் எஞ்சுகிறது. வளையத்தின் நடுவே அமைதியான காயல் அமைகிறது. அலைகள் உடைத்த பவளத் துண்டுகளும், பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் கழிக்கும் வெண்மணலும் வளையத்தின்மேல் குவிந்து தீவாகின்றன. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உடைய இத்தீவுகளைப் பேரலைகளிலிருந்து காப்பதும் அப்பவள வளையமே.

மணலுக்கடியில் ஒரு நீர்வில்லை

நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த மணல்திட்டில் கிணறு தோண்டினால் நன்னீர் கிடைப்பது வியப்புக்குரியது. தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது நீர் ஓடி வழிவதற்கு அங்கு ஆறுகள் இல்லை. எனவே, அது மணலின் வழியே கீழிறங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே, மணலுக்குள் ஊடுருவியிருக்கும் கடல்நீரின்மேல் அது மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் காணப்படுவதால் இதனை 'நன்னீர் வில்லை' என்பர். கடல் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கிணற்று நீர்மட்டமும் ஏறி இறங்குவதைத் தீவு மக்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

வில்லை மெல்லியது. வாளியால் இறைத்த காலத்தில் அதற்கு ஊறு நேரவில்லை. மின்விசை இறைப்பானால் ஓரிடத்தில் மிகுதியாக உறிஞ்சும்போது கீழுள்ள உப்புநீர் மேலெழுந்து கிணற்றை உவராக்கிவிடுகிறது. கழிவுநீர்த் தொட்டிகளின் கசிவும் மணலின் வழியே அதே நீரைச் சென்றடைகிறது. ஒரு வீட்டின் கவனக்குறைவு அயல்வீட்டுக் கிணற்றையும் தாக்கும். தீவில் நீர் என்பது ஒருவர்க்கு மட்டும் உரிய உடைமையன்று, ஊரின் பொதுச்சேமிப்பு.

தெரிந்து தெளிவோம்

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை 2005ஆம் ஆண்டு கவரத்தியில் அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீர் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கப்படுகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் குளிர்நீர் அவ்வாவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் நீர் தரும் திறனுடைய இந்நிலையம், நிலத்தடி நீரின் சுமையைக் குறைக்க உதவியது. பின்னர் மினிக்காய், அகத்தி ஆகிய தீவுகளிலும் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

மக்களும் மரபும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 64,473 பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்னும் நெருக்கம் இது. எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர். மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் இசுலாமியர். பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றோர்.

தாய்வழிச் சொத்துரிமை இத்தீவுகளின் தனித்த மரபாகும். குடும்பச் சொத்து தாயின் வழியில் இறங்குகிறது. மணமான பின்னும் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழ்வது பழைய வழக்கம். வடபகுதித் தீவுகளில் மலையாளத்தின் வட்டார வழக்காகிய ஜெசரி பேசப்படுகிறது. தென்கோடியிலுள்ள மினிக்காயில் வழங்குவது மாலத்தீவு மொழியோடு ஒன்றிய மகல். வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்து அதற்குரியது. கோல்களியும் பரிசைக்களியும் பிற தீவுகளின் ஆடல்கள்; 'லாவா' மினிக்காயின் ஆடல். கவரத்தியின் உஜ்ரா பள்ளிவாசல் நுட்பமான மரச்செதுக்கு வேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்றது.

1956 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களில் அடங்கியிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தனி யூனியன் பிரதேசமாயின. 1964ஆம் ஆண்டு கவரத்தி தலைநகராயிற்று. 1973ஆம் ஆண்டு இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

தென்னையும் சூரையும்

தீவுகளின் வேளாண்மை என்பது பெரிதும் தென்னையே. கொப்பரை, எண்ணெய், பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் ஆகியவை அதன் பயன்கள். தேங்காய் மட்டைகளைக் கடலோர மணலில் ஊறவைத்து, நாரை அடித்தெடுத்துக் கயிறு திரிப்பது பெண்களின் கைத்தொழிலாக விளங்கியது. கண்ணூர் அரக்கல் அரசர்களின் ஆட்சியில் கயிறு அரசின் தனியுரிமை வணிகமாக இருந்தது. தீவினர் கயிற்றைக் கொடுத்து அரிசியைப் பெற்றனர். அரிசி விளையாத நிலத்தில், கயிறே சோறாக மாறியது.

மீன்பிடித் தொழிலின் உயிர்நாடி சூரை மீன். அதனைப் பிடிக்கும் முறை கருதத்தக்கது. முதலில், காயலின் பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சிறு மீன்களைப் பிடித்துப் படகிலேயே நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்கின்றனர். ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை இரையாக வீசி, கடற்பரப்பில் நீரைத் தூவுகின்றனர். இரைமீன் கூட்டம் துள்ளுவதாக எண்ணிச் சூரைகள் மேலெழுகின்றன. படகின் பின்புறம் வரிசையாக நிற்போர் கழித்தூண்டிலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கியெடுக்கின்றனர். வலையில்லாத இம்முறையில் ஆமைகளும் வேண்டாத பிற மீன்களும் சிக்கி மடிவது மிகக் குறைவு. பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி எடுப்பதே தமிழ்நாட்டுச் சமையலறைகளிலும் அறியப்பட்ட மாசி.

இத்தொழிலின் தொடக்கம் ஆழ்கடலன்று, காயலே. பவளம் அழிந்தால் இரைமீன் இல்லை. இரைமீன் இல்லையேல் சூரையும் இல்லை.

காண வருவோர்

இலட்சத்தீவுகளுக்குள் நுழைய முன்னனுமதி பெற வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலிலோ, அகத்தித் தீவின் ஒடுங்கிய முனையில் அமைந்துள்ள விமானநிலையத்தின் வழியாகவோ செல்லலாம். வெண்மணற்கரை சூழ்ந்த பங்காரம், திண்ணக்கரைத் தீவுகள், நீர்மூழ்கிப் பவளத்தைக் காண ஏற்ற கட்மத், விரிந்த காயலையுடைய கல்பேனி, 1885இல் எழுப்பப்பட்ட மினிக்காய் கலங்கரை விளக்கம் ஆகியன காண்போரைக் கவர்வன. பித்தி என்னும் மணல்திட்டு கடற்பறவைகளின் சரணாலயம்.

சுற்றுலா வேலைவாய்ப்பைத் தருகிறது; தீவுப் பொருள்களுக்குச் சந்தையையும் தருகிறது. அதே வேளையில், வருவோர் ஒவ்வொருவரும் நன்னீர் வில்லையில் பங்கு கேட்கின்றனர். கழிவையும் விட்டுச் செல்கின்றனர். பகலில் தீவைக் கண்டு இரவில் கப்பலிலேயே தங்கும் பயணத்திட்டம் இங்கு நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. தீவின் நீரை மிகுதியாகச் செலவிடாமல் அதன் அழகை நுகர அது ஒரு வழி.

வெளிறும் பவளம்

பவள உயிரிகளின் உடலில் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. பவளத்திற்கு உணவும் நிறமும் தருபவை அவையே. கடல்நீர் அளவுக்குமேல் வெப்பமடைந்து அந்நிலை நீடிக்குமானால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. வெப்பம் தணிந்தால் மீளலாம், தணியாவிடில் மடிகிறது. இலட்சத்தீவுகளில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. ஒருமுறை அழிந்தது தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த வெப்ப அலை வந்துவிடுவதே இன்றைய இடர்.

பவளம் மடிந்தால் பாறை தேய்கிறது. பாறை தேய்ந்தால் அலை கரையை அரிக்கிறது. கரை குறுகினால் நன்னீர் வில்லையும் சுருங்குகிறது. பங்காரம் திட்டைச் சேர்ந்த, மக்கள் வாழாத பரளி என்னும் சிறு தீவுகளுள் ஒன்று முற்றிலும் அரிக்கப்பட்டு மறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துரைத்தது.

கடலை வெப்பமாக்கும் புகை இச்சிறு தீவுகளில் எழுந்ததன்று. உலகம் முழுவதும் எழுப்பியது. ஆனால், அதன் விளைவை முதலில் ஏற்பவர்கள் தீவு மக்களே. கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம், காயலில் எவ்வளவு பிடிக்கலாம், கரையில் எத்தனை பேர் தங்கலாம் என்னும் அளவறிந்து வாழ்வது அவர்கள் கையில் உள்ளது. கடலின் வெப்பத்தைத் தணிப்பது நம் அனைவர் கையிலும் உள்ளது.