கிரவல் போட்ட காசுக்குக் கணக்குக் கேளுங்கள்

மாரி மழை ஓய்ந்ததும் கரடியனாற்றுக் கிரவல் வீதிகளில் குழி தெரியும், வாய்க்கால் கட்டில் உடைவு தெரியும். திருத்த எவ்வளவு காசு வந்தது, கொந்தராத்து யாருக்குப் போனது என்பதுதான் ஊருக்குத் தெரிவதில்லை. கேட்டால், "அரசாங்கத்திடம் காசில்லை" என்பார்கள்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது உண்மை. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்து வேளாண்மைக்காரரின் வயிற்றில் அடித்ததையும் மறக்கவில்லை. ஆனாலும் மானியம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, வீதி வேலை என்று செலவு நடக்கத்தான் செய்கிறது. காசு குறைந்த காலத்தில்தான் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும்.

கேட்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாவைத் தாண்டும் வேலைத்திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொறுப்பான அமைச்சர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு.

வேலையைச் செய்வித்தது பிரதேச சபையா, பிரதேச செயலகமா என்று பார்த்து, அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. "வீதி ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். மதிப்பீடு, ஒப்பந்தம், வேலையை அளந்த பதிவு, காசு கொடுத்த பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். கையில் கிடைத்ததும் நாடாவோடு வீதிக்குப் போய் நீளத்தையும் கிரவலின் தடிப்பையும் அளந்து பாருங்கள். கடதாசியில் உள்ளது தரையில் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

விண்ணப்பம் கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். அது இல்லாவிட்டால் பின்னால் முறையிடுவது கடினமாகிவிடும். 14 வேலைநாளுக்குள் முடிவு வரவில்லையா, மறுத்தார்களா? அடுத்த 14 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

தனியாகக் கேட்டால் மானியம் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. கமக்காரர் அமைப்பின் பெயரில் கேட்கலாம், சட்டம் அதற்கும் இடம் தருகிறது. கையூட்டு நடந்தது என்று தெரிந்தால் 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். 2023இல் வந்த ஊழலுக்கு எதிரான சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் தருகிறது.

அமைப்பின் அடுத்த கூட்டத்திலேயே ஒரு வீதியையோ ஒரு வாய்க்காலையோ தெரிவுசெய்து முதல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.