வென்ற கார் எங்கே போயிற்று?

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் மின்சார பியூஸ் கட்டைகளையும் அடுக்குவதற்குச் சூளைக்குள் கனமான தட்டுகள் இருக்கும். சூளை ஆறியதும் தொழிலாளி அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். 'கணீர்' என்று ஒலித்தால் அது மறுபடியும் சூளைக்குள் போகும். 'டொக்' என்று ஒலித்தால் ஓரமாக ஒதுக்கப்படும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் இரண்டாவது தட்டுக்குள் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறது. அதன் இரு பக்கங்களும் உரசி, அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடுவதால் ஒலி உடனே அடங்கிவிடுகிறது.

கார்ப் பந்தயத்தைப் பற்றிய கட்டுரையில் சூளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு மாணவன் சற்றுக் கோபமாகவே ஒரு கேள்வி கேட்டான்: "போர்ஷே 917 கார் 1970லும் 1971லும் பிரான்சு நாட்டின் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. அடுத்த ஆண்டு அங்கே அதைக் காணோம். தோற்ற காரை ஒதுக்கினால் நியாயம். வென்ற காரை ஏன் ஒதுக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவோம்.

உலோகமும் களைக்கும்

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை ஒரு முறை வளைத்தால் உடைவதில்லை. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பல முறை வளைத்தால் உடைந்துவிடுகிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். ஒவ்வொரு வளைவிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று சிறிது சிறிதாக வளர்கிறது. ஒரு நாள், வழக்கமான சுமையிலேயே பாகம் முறிந்துபோகிறது.

எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான சுமையை அது கோடிக்கணக்கான முறை தாங்கிவிடும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. சிறிய சுமையும் பல முறை திரும்பத் திரும்ப வந்தால் அதை முறித்துவிடலாம். ஆனால் பந்தயக் காருக்கு எடை குறைவாக இருக்க வேண்டுமே! ஆகவே 917 கார்களில் பெரும்பாலானவற்றின் சட்டத்தை அலுமினியக் குழாய்களால் செய்தார்கள். அதன் எடை 50 கிலோவுக்கும் குறைவு. 1971இல் வென்ற வண்டிக்கு அதைவிட இலேசான மக்னீசியச் சட்டம்!

இத்தகைய சட்டத்தில் விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி? குழாய்களுக்குள் அழுத்தத்துடன் வாயுவை அடைத்து, ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார்கள். முள் இறங்கினால் எங்கோ விரிசல் விட்டுவிட்டது என்று பொருள். சூளைத் தொழிலாளி காதால் அறிவதை இங்கே அழுத்தமானி அறிவித்தது.

வேகம் இரட்டித்தால்?

இயக்க ஆற்றல் ½mv² என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 3,12,500 ஜூல். வேகம் 180 ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி, 12,50,000 ஜூல் ஆகிவிடுகிறது. காரை நிறுத்தும்போது இவ்வளவும் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. சுமார் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். சூளைத் தட்டைப் போலவே பிரேக் தட்டும் சுற்றுக்குச் சுற்று சூடேறி, ஆறி, விரிசல் காண்கிறது.

பிரேக் பிடிக்க நேரமில்லாமல் போனால்? 1955 ஜூன் 11 அன்று லீ மானில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று முன்னால் சென்ற காரின் பின்புறத்தில் மோதித் தூக்கி எறியப்பட்டது. அதன் பாகங்கள் பார்வையாளர்களிடையே பாய்ந்தன. அதன் மக்னீசியக் கலப்பு உடல் தீப்பற்றி எரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஆண்டின் இறுதியில் மெர்சிடிஸ் நிறுவனம் பந்தயத்திலிருந்தே விலகியது. மிகச் சிறந்த கார் ஒன்று அத்துடன் களத்திலிருந்து மறைந்தது.

விதி என்னும் வேலி

எல்லா விரிசலையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா மோதலையும் தடுக்க முடியாது. ஆகவே விதி வகுப்பவர்கள் இரண்டு வேலிகளைப் போடுகிறார்கள்.

முதலாவது, வேகத்துக்கான வேலி. ஐந்து லிட்டர் எஞ்சின் கொண்ட 917 போன்ற கார்களுக்கு 1971 இறுதியுடன் உலகப் போட்டியில் இடமில்லாமல் போயிற்று. 1972 முதல் மூன்று லிட்டர்தான் உச்ச வரம்பு. அந்தக் கார் மெதுவாகிவிடவில்லை. 1971இல் அது லீ மானில் ஓடிய 5,335 கிலோமீட்டர் என்ற தூரத்தை 2010 வரை எவரும் மிஞ்சவில்லை. (பந்தயப் பாதை பிற்காலத்தில் மாற்றப்பட்டதும் இதற்கு ஒரு காரணம்.)

இரண்டாவது, வயதுக்கான வேலி. தொழிற்சாலையில் தயாராகும் மாதிரி ஒன்று பந்தயத்தில் ஓட முன் அங்கீகாரம் வேண்டும். உலக மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி, உற்பத்தி நின்று ஏழு ஆண்டுகளில் அந்த அங்கீகாரம் முடிந்துவிடும். பாதுகாப்பான பந்தய எரிபொருள் பைக்குக்கூட ஐந்து ஆண்டுதான் ஆயுள். அதன் பிறகு மறுசோதனை செய்யாமல் பயன்படுத்தக் கூடாது.

சோழவரத்தில் நடந்தது

நம் ஊர்க் கதையும் இதுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அன்றைய நாயகர்கள். ஹெரால்டு சென்னையில் 1961 முதல் தயாரான கார். 948 கன செ.மீ. எஞ்சின் கொண்டது. அதன் பின்சக்கர அச்சு ஊசலாடும் வகையைச் சேர்ந்தது. வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்நோக்கி மடங்கும், பிடிமானம் குறையும்.

1983இல் மாருதி 800 வந்தது. அதன் எஞ்சின் 796 கன செ.மீ.தான், குதிரைத்திறன் ஏறத்தாழ ஹெரால்டு அளவே. எடையோ 650 கிலோ அளவுதான்; ஹெரால்டு 800 கிலோவுக்குக் குறையாது. விசை சமமாக இருந்து நிறை குறைந்தால் முடுக்கம் கூடும் என்பது நியூட்டன் விதி அல்லவா? ஹெரால்டின் உற்பத்தியும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பாகம் முறிந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. கோவை கரிவரதன் 1988இல் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்கினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை பிறந்தது. பின்னர் 2014இல் மாருதி 800 உற்பத்தியும் நின்றது. வென்றவருக்கும் ஒரு நாள் வயதாகிறது!

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: களத்தைவிட்டுப் போகும் கார் எல்லாம் தோற்ற கார் அல்ல. எவ்வளவு வேகம், எவ்வளவு வயது வரை மனித உயிரை அதனிடம் ஒப்படைக்கலாம் என்பதே கேள்வி. பழைய கார்கள் கண்காட்சியிலும் பழங்கார் அணிவகுப்பிலும் மெதுவாக ஓடலாம். அங்கே அவற்றின் மீது விழும் சுமை குறைவு.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சைக்கிளின் முன் போர்க்கையும் பெடல் பூட்டிய கையையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், "ஒரு வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும்" என்று எண்ணாதீர்கள். பாகத்தையே மாற்றுங்கள். சூளைத் தொழிலாளி 'டொக்' என்ற தட்டை மறுபடியும் சூளைக்குள் வைப்பதில்லை.