மெரினாவில் கேமராவைத் திருப்புங்க!

அதிகாலை மெரினாவில் எல்லோருடைய செல்போனும் கடலைப் பார்த்தே நீண்டிருக்கும். சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும், அப்படியே திரும்பிப் பாருங்க. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம், கடலைப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். மதியத்துக்கு மேல் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், முகப்பு இருண்டுவிடும்.

பக்கத்தில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்ந்த மாதிரி விழும். தள்ளிப்போய், போனை நேராகப் பிடிங்க.

கட்டடம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். மனிதர்கள் அப்படியில்லை. நொச்சிக்குப்பம் பக்கம் வலையைச் சரிசெய்யும் மீனவரிடம், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று முதலில் கேளுங்க. வேண்டாம் என்றால் விட்டுடுங்க. சரி என்றால் உடனே க்ளிக் செய்யாதீங்க. அப்போது அவர் விறைப்பாக போஸ் கொடுப்பார். பேச்சுக்கொடுத்துக்கொண்டே காத்திருந்தால், கை தானாக வலைக்குத் திரும்பும். அந்த நொடிதான் படம்! எடுத்ததை முதலில் அவருக்குக் காட்டுங்க. ஸ்டேட்டஸ் எல்லாம் அப்புறம்.