இணைப்பை மாற்றிய வீட்டில் பிரிண்டர் அச்சிடாதது ஏன்?

நம் சங்க அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இன்று கம்பியில்லாப் பிரிண்டர் ஒன்று இடம் பெற்றுவிட்டது. சேலைப் பார்சலின் மேல் ஒட்டும் விலாசச் சீட்டு, வாங்குவோருக்குரிய பில், மஞ்சளும் வாழையும் சந்தைக்குச் செல்கையில் உடன் செல்லும் ரசீது, பிள்ளைகளின் பள்ளித் தாள் ஆகிய யாவும் அதன் வழியே வெளிவருகின்றன. அப்பொறி ஒரு நாள் நின்றால் பார்சலும் ஒரு நாள் தங்கிவிடுகிறது. வரவேண்டிய பணமும் தள்ளிப் போகிறது.

இவ்வாறு நிற்பது பல இல்லங்களில் பழுதினால் அன்று. இணைய இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றுகிறோம். அல்லது பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறோம். அல்லது பாஸ்வேர்டை மாத்திரம் மாற்றுகிறோம். கைப்பேசியும் கம்ப்யூட்டரும் முன்போலவே வேலை செய்கின்றன. பிரிண்டர் மட்டும் அசைவதில்லை. பொறி கெட்டுவிட்டது என முடிவு செய்து புதியது வாங்கச் செல்வோரும், பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுப்போரும் உளர். அச்செலவு வேண்டாதது. கோளாறு எங்கே உள்ளது என்பதை வரிசையாகத் தேடத் தெரிந்தால் அவரவரே அரைமணி நேரத்தில் சரிசெய்துகொள்ளக் கூடிய காரியம் இது. அவ்வரிசையை இங்கு விளக்குவோம்.

காரணம் யாது?

ரூட்டர் என்பது வீட்டிற்குள் வைஃபை அலைகளைப் பரப்பும் பெட்டி. ஒவ்வொரு ரூட்டருக்கும் ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் உண்டு. பிரிண்டரை முதன்முதல் அமைத்த நாளில் அவ்விரண்டையும் அதற்குக் கொடுத்தோம். அது அவற்றைப் பதிந்து வைத்துக்கொண்டது. இப்பொழுது ரூட்டர் மாறிற்று. கைப்பேசியில் புதிய பெயரைத் தொட்டுப் புதிய பாஸ்வேர்டை நாமே எழுதினோம். பிரிண்டருக்கு எவரும் எழுதவில்லை. ஆகவே அது இப்போது இல்லாத பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணமும் உண்டு. தன்னிடம் சேரும் ஒவ்வொரு பொறிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரியை வழங்குகிறது. வீடுகளில் இம்முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். புதிய ரூட்டர் பிரிண்டருக்குப் புதிய எண்ணைத் தரும். கம்ப்யூட்டரோ சில சமயங்களில் பழைய எண்ணுக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் எழுதினால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேருகிறது.

வயலுக்கு நீர் வராவிடில் மதகு, வாய்க்கால், மடை என்று வரிசையாகப் பார்த்து வருவது உழவர் வழக்கம். அவ்வாறே இங்கும் ரூட்டர், பிரிண்டர், கம்ப்யூட்டர் என்ற மூன்று இடங்களையும் முறையே பார்த்தல் வேண்டும். முறை தவறித் தொடங்கினால் சரியாக இருப்பதையும் கலைத்துவிட நேரும்.

முதலாவது: ரூட்டர்

கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபை மூலமாக மட்டும் இணையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிடில் கோளாறு இணைப்பிலேயே உள்ளது. பிரிண்டரைத் தொட வேண்டுவதில்லை.

வந்தால், கைப்பேசி எந்தப் பெயருள்ள வைஃபையில் சேர்ந்திருக்கிறது என்பதை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய ரூட்டர் வந்த பின்பும் பழையதை மின்சாரத்தில் விட்டுவைத்திருக்கும் வீடுகள் உண்டு. அங்கே பிரிண்டர் பழையதிலும் கைப்பேசி புதியதிலுமாக இரண்டும் பிரிந்து நிற்கும். தேவையற்ற பழைய ரூட்டரை அணைத்துவிடுவதே நலம். விருந்தினருக்கென்று தனிப் பெயரில் வைஃபை அமைத்திருந்தால் அதில் பிரிண்டரைச் சேர்க்கலாகாது. அதில் சேரும் பொறிகள் வீட்டின் மற்றப் பொறிகளோடு பேசாதபடி ரூட்டர் தடுத்துவிடுவது வழக்கம்.

இரண்டாவது: பிரிண்டர்

பிரிண்டரை அணைத்து, ஒரு நிமிஷம் கழித்துப் போட வேண்டும். பிறகு அதனிடமிருந்தே ஒரு வாக்குமூலம் வாங்கலாம். தான் எந்த வைஃபையில் இருக்கிறது, தன் முகவரி எண் யாது என்பவற்றை ஒரு தாளில் அச்சிட்டுத் தரும் வசதி பெரும்பாலான பிரிண்டர்களில் உண்டு. திரையுள்ளவற்றில் நெட்வொர்க் என்ற பகுதியிலும், திரையற்றவற்றில் குறிப்பிட்ட பொத்தான்களை அழுத்துவதாலும் இத்தாள் வெளிவரும். எந்தப் பொத்தான் என்பது உடன் வந்த சிறு புத்தகத்தில் இருக்கும்.

அத்தாளில் பழைய பெயர் இருந்தால் காரணம் தெளிவாகிவிட்டது. புதிய பெயரைக் கற்பிக்க வேண்டும். புதிய பெயர் இருந்தும் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரையும் பிரிண்டரையும் ஒரு முறை அணைத்து, ரூட்டரை முதலிலும் பிரிண்டரைப் பின்னும் போட்டுப் பார்க்க வேண்டும்.

புதிய பெயரைக் கற்பிக்க மூன்று வழிகள் உள்ளன. திரையுள்ள பிரிண்டரில் வைஃபை அமைப்பைத் திறந்து பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டை எழுதலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேற்றுமை இங்கே முக்கியம். இரண்டாவது, டபிள்யூ.பி.எஸ். என்னும் பொத்தான் ரூட்டரிலும் பிரிண்டரிலும் இருந்தால், ஒன்றை அழுத்தி இரண்டு நிமிஷங்களுக்குள் மற்றதையும் அழுத்தினால் பாஸ்வேர்டு எழுதாமலே இரண்டும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, பிரிண்டர் கம்பெனியின் செயலியைக் கைப்பேசியில் ஏற்றி, பிரிண்டரில் உள்ள பழைய வைஃபை அமைப்பை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது.

இவ்வளவும் செய்தும் சேராவிடில் இரண்டு தடைகளை நோக்க வேண்டும். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. விலை குறைந்த வீட்டுப் பிரிண்டர்களில் பல முதலாவதை மட்டுமே அறியும். ஆகவே புதிய ரூட்டரில் 2.4 நிறுத்தப்பட்டிருந்தால் பிரிண்டரின் கண்ணுக்கு ரூட்டரே தென்படாது. இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரிண்டரை 2.4-இல் சேர்ப்பது நல்லது. சுவர்களைக் கடந்து செல்வதிலும் அதுவே மேலானது. அடுத்த தடை காவல் முறை. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த டபிள்யூ.பி.ஏ.3 என்ற முறையைப் பழைய பிரிண்டர்கள் அறியா. அம்முறை மட்டும் உள்ள இடத்தில் டபிள்யூ.பி.எஸ். பொத்தானும் பயன்படாது. ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ.2 முறையையும் சேர்த்து அனுமதித்தால் வழி திறக்கும். இம்மாற்றத்தை இணைப்புக் கம்பெனியின் ஆளிடம் கேட்டும் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது: கம்ப்யூட்டர்

கைப்பேசியிலிருந்து அச்சாகிறது, கம்ப்யூட்டரிலிருந்து ஆகவில்லை என்றால் பிரிண்டர் குற்றமற்றது. கம்ப்யூட்டரின் பிரிண்டர் பட்டியலில் ஆஃப்லைன் என்ற குறி இருக்கும். அச்சாகவில்லையே என்று ஒரே பில்லைப் பத்து முறை அனுப்பியிருந்தால் அப்பத்தும் வரிசையில் காத்து நிற்கும். இணைப்புச் சேர்ந்தவுடன் பத்தும் வெளிவந்து தாளையும் மையையும் வீணாக்கும். ஆதலின் முதலில் அவ்வரிசையை அழித்துவிட வேண்டும். பின்பு பழைய பிரிண்டர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அப்பொழுது கம்ப்யூட்டர் புதிய முகவரியை அறிந்துகொள்ளும். எண் மறுபடியும் மாறாதிருக்க, பிரிண்டருக்கென்று ஒரே எண்ணை ஒதுக்கி வைக்கும் வசதி பல ரூட்டர்களில் உண்டு.

அவசரமும் எச்சரிக்கையும்

பார்சல் இன்றே செல்ல வேண்டும், ஆராய்ந்து பார்க்க நேரமில்லை என்றால், யூ.எஸ்.பி. கம்பியால் பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து அச்சிட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம் அதற்குரிய துளை உண்டு. வேலை முடிந்த பின் ஆறுதலாக வைஃபையைச் சீர் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட உதவி எண்ணுக்குப் பேசுவது ஆபத்து. பிரிண்டர் கம்பெனியின் ஆள் போல் நடித்து, கைப்பேசியின் திரையைத் தாம் பார்க்கும்படியான செயலி ஒன்றை ஏற்றச் சொல்லி, வங்கிப் பணத்தைக் கவரும் கூட்டத்தார் உளர். பிரிண்டரைச் சரிசெய்ய ஓ.டி.பி. எண்ணோ வங்கி விவரமோ எவருக்கும் தேவையில்லை. உதவி எண்ணைப் பெட்டியின் மேலோ உடன் வந்த புத்தகத்திலோ பார்த்தே பேச வேண்டும். பணம் பறிபோய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற அரசாங்க எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதம் குறைந்த அளவு பணத்தை இடையில் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு மிகும்.

வருமுன் காத்தல்

இவ்வளவு சிரமத்தையும் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. இணைப்பை மாற்ற ஆள் வரும் நாளில், புதிய ரூட்டருக்கும் பழைய ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் காவல் முறையையும் அப்படியே வைக்கச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்தும் மாறாதிருந்தால் பிரிண்டர் தன் பழைய இடமே இது என்று எண்ணித் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் பழைய பாஸ்வேர்டு பிறர் பலருக்குத் தெரிந்துவிட்ட காரணத்தால் மாற்றுகிறவர்கள் இவ்வழியைக் கொள்ளலாகாது; அவர்கள் மேலே கூறிய முறையையே பின்பற்ற வேண்டும்.

வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பிரிண்டரின் மாடல் ஆகியவற்றைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பது ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக வேண்டும். சங்க அலுவலகத்தில் யூ.எஸ்.பி. கம்பி ஒன்றை இரவலுக்கு வைத்திருந்தால், தறி ஓடும் வீட்டிலும் அறுவடை நடக்கும் வீட்டிலும் ஒரு நாள் வேலை கெடாமல் காக்கலாம். இம்முறையை அறிந்துகொண்ட அங்கத்தினர் அண்டை வீட்டாருக்கும் காட்டிக் கொடுப்பாராயின், நல்ல பிரிண்டர் ஒன்றும் நம் ஊரில் வீணே மூலையில் கிடக்காது.