ஒளி தேடும் நாற்றுகள்

காளிகாட்டின் குறுகிய சந்துகளில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஆதலால், பல அறைகளுக்குள் வெயில் சிறிது நேரமே எட்டிப் பார்க்கும். அத்தகைய அறையின் சாளரத்தருகே, ஒரு தட்டில் தக்காளி விதைகளைத் தூவினோம் எனக் கொள்வோம். ஏழெட்டு நாள்களில் முளைகள் தோன்றும். அடுத்த வாரத்தில் அவை விரல் நீளத்திற்கு உயர்ந்துவிடும். “எவ்வளவு விரைவான வளர்ச்சி!” என மகிழ்வோம். ஆனால், ஒருநாள் காலையில் அவை தலைசாய்ந்து கிடக்கும். உயர்ந்த நாற்று ஏன் வீழ்ந்தது?

நெடுகுவதன் காரணம்

விதைக்குள் சிறிதளவு உணவே சேமிக்கப்பட்டுள்ளது. இருளில் முளைக்கும் செடி அவ்வுணவைத் தண்டை நீட்டுவதற்கே பெரிதும் செலவிடும்; விரைந்து உயர்ந்து ஒளியை அடைவதே அதன் நோக்கம். மண்ணுள் புதைந்த முளைக்கு இஃது உயிர்காக்கும் வழியாகும். ஒளி குறைந்த அறையிலோ, தண்டு நீண்டுகொண்டே சென்று மெலிந்து வெளிறிவிடுகிறது. நெருக்கமாக விதைப்பதும் மிகுந்த வெப்பமும் இக்குறையைப் பெருக்கும். எனவே, நெடிய நாற்று வலிமையின் அடையாளம் அன்று. அஃது ஒளிக்கான ஏக்கம்.

நாற்று சாளரத்தை நோக்கி வளைவதையும் காணலாம். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் இதனை ஆராய்ந்து 1880ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். புல் நாற்றின் நுனியை மூடியபோது அது ஒளியை நோக்கி வளையவில்லை. ஒளியை உணர்வது நுனியே என்பது இதனால் புலனாயிற்று. நுனியில் தோன்றும் ஆக்சின் என்னும் பொருள் நிழற்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. அப்பக்கம் கூடுதலாக நீள்வதால் தண்டு வளைகிறது என்பது பின்னர் அறியப்பட்டது. நமது கொல்கத்தாவில் 1917இல் ஆய்வு நிறுவனம் கண்ட ஜகதீச சந்திர போஸும், செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியை உருவாக்கினார்.

பேணும் முறை

நாற்றுத் தட்டைத் தெற்கு நோக்கிய சாளரத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் அங்கேதான் வெயில் மிகுதியாக விழும். நாள்தோறும் தட்டைத் திருப்பி வைத்தால் நாற்று நேராக நிற்கும். வெயில் போதாவிடில், எல்.இ.டி. விளக்கை நாற்றுகளுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியவிடலாம். நெருங்கி முளைத்தவற்றுள் மெலிந்தவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுக. பிடுங்கினால் அண்டை நாற்றின் வேர் அறும். ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் நோய் வரும். ஆகவே, மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுக.

மாற்றி நடுதல்

வித்திலைகளுக்குப் பின் இரண்டு உண்மையிலைகள் விரிந்ததும் நாற்றை மாற்றி நடலாம். தேநீர்க் கடையின் பெரிய மண்குவளை இதற்கு ஏற்றது. பெரியோர் துணையுடன் அதன் அடியில் துளையிட்டு, மண்ணும் மட்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். நாற்றைத் தண்டில் பிடிக்காது, இலையில் பிடித்துத் தூக்குங்கள். இலை கிழிந்தால் வேறோர் இலை தோன்றும். தண்டு நசுங்கினால் செடியே மடியும்.

நெடுகிய தக்காளி நாற்றை வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்து புதிய வேர்கள் கிளைக்கும். முன்பு குறையாக இருந்த நீளமே இப்போது செடியைத் தாங்கும் வலிமையாகிறது! மிளகாய் நாற்றைத் தட்டில் இருந்த ஆழத்திலேயே நடுவது நன்று. மாலையில் நட்டு, இரண்டு நாள் நிழலில் வைத்திருங்கள். பின்னர் முதல்நாள் ஒரு மணி நேரம் இளவெயிலில் வைத்து, நாள்தோறும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் நாற்று மொட்டைமாடி வெயிலுக்குப் பழகிவிடும்.

‘நாறு’ என்னும் சொல்லுக்கு ‘முளைத்தல்’ என்னும் பொருளும் உண்டு. அதிலிருந்து வந்ததே ‘நாற்று’. வங்காளியர் இதனைச் ‘சாரா’ என்பர். ஒரிடத்தில் முளைத்து வேறிடத்தில் வேரூன்றுவது நாற்றின் இயல்பு. அதற்கு வேண்டுவன ஒளியும் பொறுமையும் ஆகும்.

சொல்லும் பொருளும்

சாளரம் – சன்னல்
வித்திலை – விதையிலிருந்து முதலில் விரியும் இலை
மட்கிய – மக்கிப்போன

சிந்தித்து எழுதுக

1. நெடிய நாற்று வலிமையானது அன்று. ஏன்?
2. நாற்றை இலையில் பிடித்துத் தூக்க வேண்டுவதன் காரணம் யாது?
3. உம் வீட்டில் மிகுந்த ஒளி விழும் இடம் எது? மூன்று நாள் உற்றுநோக்கி எழுதுக.