பழைய காருக்கு மறுவாழ்வு

பழைய மோட்டார்க் கார்களைப் புதுப்பித்து ஓட்டுவது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பணம் செலவாவது உண்மையே. ஆயினும் ஒரு யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் வேறில்லை. கரோல் பாகில் வாழும் தமிழ்ப் பெரியவர் ஒருவரின் கொட்டகையில், 1929ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் காரொன்றைப் பிரித்துப் பூட்டும் வேலைக்கு விடுமுறைதோறும் நானும் இரு நண்பர்களும் சென்றோம். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'விண்டேஜ்' என்பது பழைய கார் எல்லாவற்றுக்கும் உரிய பெயரன்று. இங்கிலாந்தில் 1934இல் தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் வழக்கப்படி, 1930 முடியச் செய்யப்பட்டவற்றுக்கே அது பொருந்தும்.

ஆஸ்டின் செவன் 1922இல் வெளிவந்தது. ஹெர்பர்ட் ஆஸ்டினின் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் அமர்ந்து அதன் படங்களை வரையத் தொடங்கியபோது ஸ்டான்லி எட்ஜுக்கு வயது 18. நம் முதலாண்டு மாணவர் வயதுதான்! எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 747 கன சென்டிமீட்டரே. தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடேறிய நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டருக்குப் போகும்; ஆறிய நீர் கீழிறங்கி எஞ்சினுக்குத் திரும்பும். பாடத்தில் படித்த வெப்பச் சலனமேதான் இது. தள்ளிவிடப் பம்பு இல்லாததால் சிறு அடைப்பும் பெருந்தடையாகும். எனவே நீர்வழிகளில் படிந்த துருவைச் சுரண்டுவதே எங்கள் முதல் வேலையாயிற்று.

கடினமான வேலை கிராங்க் ஷாப்டில் இருந்தது. மெலிந்த அந்தத் தண்டை இரு முனைகளில் மட்டுமே பேரிங்குகள் தாங்குகின்றன. வேகம் மிகுந்தால் நடுவில் வளைந்து கொடுக்கும். பல ஆண்டு வளைந்த இரும்பு ஒருநாள் ஒடியும். விரிசல் உண்டா என்று அறிய எளிய முறை இருக்கிறது. தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்குப்பொடி பூச வேண்டும். விரிசலில் தங்கிய எண்ணெய் கசிந்து வெண்பொடியில் கோடு போடும். எங்கள் தண்டில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது.

"பிறந்தபோதே கூட வந்ததைக் கழற்றிவிட்டால் இது அந்த வண்டியாகுமா தம்பி?" என்றார் பெரியவர்.

"ஓடும்போது ஒடிந்தால் எஞ்சினே நொறுங்கிவிடுமே, ஐயா" என்றோம்.

இரண்டு வாரம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு புதுத் தண்டுக்கு எழுதிப்போட்டார். இங்கிலாந்தில் இவை இன்றும் செய்யப்படுகின்றன.

இதிலிருந்து நான் கொண்ட முடிவு ஒன்று: தேய்வதையும் ஒடிவதையும் புதிதாக்கலாம், வேலை செய்யும் முறையை மாற்றலாகாது. ஆகவே தண்ணீர்ப் பம்பு வைக்கவில்லை. கால் பிரேக் பின்சக்கரங்களையும் கை பிரேக் முன்சக்கரங்களையும் பிடிக்கும் பழைய ஏற்பாட்டையும் விட்டுவைத்தோம். கியர் மாற்றக் கிளட்சை இருமுறை மிதிக்கத்தான் வேண்டும்.

காட்சிக்கு நிறுத்தினால் போதாதா, ஓட்டவும் வேண்டுமா என்று கேட்கலாம். பந்தயம் இவ்வண்டியின் பிறவிக்குணம். பந்தயத்துக்கென அமைத்த ஆஸ்டின் செவன் ஒன்று, 1930இல் புரூக்லண்ட்ஸில் 500 மைல் பந்தயத்தை மணிக்கு 83 மைல் சராசரி வேகத்தில் ஓடி வென்றது. தில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இல் பழைய கார் ராலியைத் தொடங்கியது. இத்தகைய ராலிகளில் பொதுவாக முந்துவதைவிடக் குறித்த நேரத்தைக் காப்பதே பெரிது. அதற்கு எஞ்சின் சூடேறாமல், பிரேக் நழுவாமல், நின்றுவிடாமல் ஓட வேண்டும். புதுப்பித்தவரின் கைவேலைக்கு அதைவிடக் கடுமையான தேர்வு உண்டா?

ராலி பார்க்கச் செல்லும் நண்பர்கள் வண்ணப் பூச்சைக் கண்டு மகிழ்ந்ததோடு திரும்பிவிட வேண்டாம். வண்டி கிளம்பும்வரை நின்று, கியர் மாறும் ஓசையையும் கேட்டு வாருங்கள்.