அணைய மறுக்கும் மின்வில்

இலங்கையின் புகையிரதப் பாதை கிழக்கே மட்டக்களப்புடன் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தெற்கேயுள்ள கல்முனைக்கு மின்சாரப் புகையிரதத்தின் ஆபத்தைப்பற்றி என்ன கவலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது இளைஞர் பலர் தொழில் நாடிச் செல்லும் வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. துபாயில் 2009ஆம் ஆண்டிலும் தோஹாவில் 2019ஆம் ஆண்டிலும் தொடங்கிய நகரப் புகையிரதங்கள் 750 வோல்ற்று நேரோட்டத்தில் ஓடுகின்றன. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மின்வண்டியும் நேரோட்டத்தையே பயன்படுத்தியது. ஆயினும் அங்கே மின்கம்பி தலைக்கு மேலே இருந்தது. வளைகுடா வண்டிகளுக்கோ மின்சாரம் பாதையோரத்து மூன்றாம் தண்டவாளத்தில் வருகிறது. பழுதுபார்க்கும் தொழிலாளிக்கு அது கைக்கெட்டும் தூரம்.

மின்வில் கல்முனை மக்கள் காணாத பொருளன்று. வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிக்கும் ஒளி அதுவே. காப்புக் கண்ணாடியின்றி அதனைப் பார்த்தவருக்கு இரவில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். மின்னோட்டம் பாயும் இரு உலோகங்கள் பிரியும்போது இடையிலுள்ள காற்றே வெந்து மின்கடத்தியாகிவிடுகிறது. பெரிய வில்லின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பு வெப்பமாகிய 5,500 பாகையையும் மிஞ்சக்கூடும்.

வீட்டுக்கு வரும் ஆடலோட்டம் விநாடிக்கு 100 தடவை பூச்சியமாகிறது. அக்கணங்களில் வில் அடங்க வாய்ப்புண்டு. நேரோட்டத்துக்கு அத்தகைய ஓய்வே இல்லை. மூட்டிய வில் தானாக அணையாது. ஆதலால் மின்நிலையத்துத் துண்டிப்பான்கள் காந்த விசையால் வில்லை நீட்டி, தகடுகளுக்குள் தள்ளி அணைக்கின்றன. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நெடுந்தொலைவில் நேரும் குறுக்கிணைப்பின் ஓட்டம், ஒரு வண்டி புறப்படுகையில் இழுக்கும் ஓட்டத்தை ஒத்திருக்கலாம். அப்போது துண்டிப்பான் அதனைப் பழுதென அறியாது விட்டுவிடக்கூடும்.

எனவே துண்டிப்பானை நம்பிப் பாதையில் இறங்குதல் தகாது. மின்சாரத்தை நிறுத்தி, ஆளிக்குத் தன் பூட்டை இட்டு, திறப்பைத் தன்னிடமே வைத்திருத்தல் வேண்டும். பின்னர் சோதனைக் கருவியால் மின்சாரமின்மையை உறுதிசெய்தல் வேண்டும். அக்கருவி பழுதற்றதா என்பதையும் முன்னும் பின்னும் பார்த்தல் வேண்டும். இறுதியாக மூன்றாம் தண்டவாளத்தை ஓடுபாதைத் தண்டவாளத்தோடு தடித்த கம்பியால் இணைப்பர். எவரேனும் தவறுதலாக மின்சாரத்தைத் திரும்பச் செலுத்தினால் துண்டிப்பான் உடனே விழும். உடை இவற்றுக்கெல்லாம் பின்னரே. வில்லின் வெப்பத்தைத் தாங்கும் தனி உடையும் முகக்காப்பும் வேண்டும்; உள்ளே அணிவதும் பருத்தியாயிருத்தல் நன்று. நைலோன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஊரிலே இருப்போருக்கும் இது அயலான விடயமன்று. கூரைகளில் ஏறிவரும் சூரியத் தகடுகள் தருவதும் நேரோட்டமே. தொடராக இணைக்கும்போது அது சில நூறு வோல்ற்றாகிறது. பகலில் அதற்கு ஆளி கிடையாது. ஒளிபடும்வரை தகட்டில் மின்னழுத்தம் உண்டு. ஓட்டம் பாயும்போது இணைப்பியை இழுத்துப் பிரித்தால் வில் பிறக்கும். ஆகவே இன்வேர்ட்டரை நிறுத்தி, நேரோட்ட ஆளியால் சுற்றைத் துண்டித்து, ஓட்டம் அற்றதை அளந்தறிந்த பின்னரே தொழிலறிந்தவர் இணைப்பியில் கைவைப்பர்.